சொசைட்டி குரூப்பும் பதஞ்சலியும்

மும்பை செம்பூரில் என் யோக சிகிச்சை அறைக்கு வருகிறவர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கழுத்து வலி, தூக்கம் வரவில்லை, பிரஷர் குறையவே மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் பேசவிட்டால் போதும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். மச்சினர் தாணேயில் மூன்றாவது வீடு வாங்கிவிட்டார், தான் வேலை சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கே பிரமோஷன் போய்விட்டது, பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் விஷயத்தில் குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரி பில்டர் பக்கம் சாய்ந்துவிட்டார். வலி கழுத்தில்தான், ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பது யாரோ ஒரு மனிதர்.

இவர்களில் பலர் ஏற்கெனவே யோகா கிளாஸ் போனவர்கள். சூரிய நமஸ்காரம் என்னைவிட அழகாகச் செய்பவர்களும் உண்டு. பாயைச் சுருட்டி வைத்த கையோடு போனை எடுத்து, அந்த மனிதர் இன்று என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பார்கள்.

பதஞ்சலி முனிவரின் பழைய நூலான யோக சூத்திரத்தில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள் இருக்கின்றன. ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை அதில் 3 மட்டுமே. ஒரு ஆசனத்தின் பெயர்கூட சூத்திரத்தில் கிடையாது. பத்மாசனம், வீராசனம் எல்லாம் வியாசர் உரையில்தான் வருகின்றன. ஆனால் சுற்றியிருக்கும் மனிதர்களோடு எப்படி இருப்பது என்பதற்குத் தனியாக ஒரு சூத்திரம் உண்டு, முதல் பாதத்தில், அதாவது முதல் பகுதியில், 33ஆவது. சுகமாக இருப்பவரிடம் மைத்ரி என்கிற நட்பு, துன்பப்படுகிறவரிடம் கருணை, நல்லது செய்கிறவரைக் கண்டால் முதிதை என்கிற மகிழ்ச்சி, கெட்டது செய்கிறவரிடம் உபேட்சை, அதாவது மனதில் ஏற்றிக்கொள்ளாமல் விலகி நிற்பது. இப்படிப் பழகினால் மனம் தெளியும் என்கிறார். தெளிவது நம் மனம். எதிராளி திருந்துவார் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

இதற்கு இரண்டு சூத்திரம் முன்னால், மனம் சிதறும்போது கூடவே வருபவை என்று நான்கைச் சொல்கிறார். துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், மூச்சு தடுமாறுவது. இந்தக் கடைசி இரண்டையும் நான் அன்றாடம் கண்ணால் பார்க்கிறேன்.

ஒரு உதாரணம். ஓய்வுபெற்ற பெரியவர், பிரஷருக்கு இரண்டு மாத்திரை, இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. படுக்கும் முன் கடைசியாக என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சொசைட்டி வாட்ஸ்அப் குரூப். நேற்று வந்ததைப் படித்துக் காட்டச் சொன்னேன். புது வீட்டின் கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்குள் கிடைக்கும் இடம் பற்றி யாரோ எழுதிய நாலு வரி. படிக்கும்போதே தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின, இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது, இரண்டாவது வரியில் மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"பதில் போட்டீங்களா சார்?"

"போடாம இருப்பேனா மேடம்? மூணு பாரா போட்டேன்."

"அவர் ஒத்துக்கிட்டாரா?"

"அவனா!"

அந்தப் பெரியவர் கேள்வி நியாயமானது. நாற்பது வருஷம் குடியிருந்த வீடு, புதிதாக எத்தனை சதுர அடி கிடைக்கும், கட்டி முடியும்வரை வாடகை யார் தருவார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது. ஆகவே கேள்வியைக் கைவிடச் சொல்லவில்லை. அதை நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜிங் கமிட்டிக்குக் கொடுங்கள், பொதுக்குழுவில் எழுப்புங்கள், தேவைப்பட்டால் கூட்டுறவு ரெஜிஸ்ட்ராரிடம் போங்கள் என்றேன். குரூப்பை மட்டும் மியூட் செய்துவிடச் சொன்னேன். என் அனுபவத்தில் உபேட்சை என்பது இவ்வளவுதான். செய்ய வேண்டியதைச் செய்வது, அந்த ஆளுக்கு நம் படுக்கையில் இடம் கொடுக்காமல் இருப்பது. இப்போது அவர் சண்டையும் போடுகிறார், ஐந்து மணிவரை தூங்கவும் தூங்குகிறார். மாத்திரை அப்படியே தொடர்கிறது. அதைக் குறைப்பதா வேண்டாமா என்பது அவருடைய டாக்டர் வேலை, என் வேலை இல்லை.

உபேட்சையைவிட மைத்ரி கஷ்டம் என்பேன். சொந்தக்காரர் பையனுக்கு ஐஐடி கிடைத்துவிட்டது என்றால், அன்றைக்கே போன் செய்து வாழ்த்திவிடுங்கள் என்று சொல்லுவேன். ஒரே நிபந்தனை: "எங்க பையனுக்கும் கிடைச்சிருக்கும், ஆனா அன்னிக்கு ஜுரம்" என்று ஆரம்பிக்கக் கூடாது. வாழ்த்தி, வைத்துவிட வேண்டும். சிரிக்கிறீர்கள், முயன்று பாருங்கள். முதிதையும் இப்படித்தான். தாராவியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறார் ஒருவர் என்று கேள்விப்பட்டதும், "எல்லாம் விளம்பரம்" என்று வாயில் வந்துவிடுகிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் பயிற்சி.

கருணைக்கு நம் ஊர் லோக்கல் ட்ரெயினைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருவர் ஒண்டிக்கொள்ள இடம் விடுவது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனாலும் நடக்கிறது. திருமூலர், யோகத்தில் இயமம் என்கிற ஒழுக்கங்களைச் சொல்லும்போது கொல்லாமை, பொய் சொல்லாமை, களவின்மையோடு பகுத்து உண்பதையும் சேர்த்துக்கொள்கிறார். பதஞ்சலியின் ஐந்து இயமங்களில் அது இல்லை. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் யாராவது சாப்பாட்டு டப்பா திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரி ஞாபகம் வரும்.

மூச்சு அடுத்த சூத்திரத்தில், 34இல் வருகிறது. மேலே சொன்னது கைகூடாவிட்டால் மாற்று வழியாக, மூச்சை வெளியே விடுவதையும் நிறுத்துவதையும் சொல்கிறார். நான் வெளியே விடுவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூக்கு வழியாக நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து நிமிஷம். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவில் வரும். மூச்சை வெளிவிடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை கூடி இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது, அதனால் வெளிமூச்சை நீட்டுகிறோம். உட்கார இடம் கிடைத்தால் ட்ரெயினிலேயே செய்யலாம். கதவில் தொங்கிக்கொண்டு வேண்டாம்.

ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கிப் பழக வேண்டாம், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம். கண்ணில் கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் இருப்பவர்கள் சிரசாசனம் செய்யவே கூடாது, தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறும். வீடியோ பார்த்துச் செய்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணவர் அடிக்கிறார் என்று சொன்ன ஒரு பெண்ணிடம், "தியானம் பண்ணும்மா, கண்டுக்காதே" என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதற்குப் பெயர் உபேட்சை கிடையாது. பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் முதல் அங்கம் இயமம், அதிலும் முதலில் நிற்பது அகிம்சை. அது நம் உடம்புக்கும் சேர்த்துத்தான். அடி வாங்குகிறவர்கள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். ஆபீஸில் பாலியல் தொல்லை என்றால், 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள்.

அப்புறம், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் பாயையும் சூத்திரத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், மும்பையிலிருந்து அழைத்தாலும் தமிழில் பேசலாம்.