காட்டு ஃபொக்ஸ்குளோவும் எங்கட எள்ளும்

பேஸ்புக்கில அடிக்கடி ஒரு போட்டோ சுத்துது, ஆள் உயரச் செடியில ஊதாப் பூ குழல் குழலாத் தொங்கும், பேர் வைல்ட் ஃபொக்ஸ்குளோவ், கீழ எங்கட சனம் ஆராவது "விதை எடுக்கேலாதோ" எண்டு கேட்டிருக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சிறுபோகத்தில எள்ளு விதைச்ச காணிக்குள்ள விடியக்காத்தால இறங்கிப் பாருங்கோ, கிட்டத்தட்ட அதே பூ தான் நிக்கும், நிறம் மட்டும் வெளிறல். சும்மா சொல்லேல்லை, இரண்டும் ஒரே குடும்பம்.

போட்டோவில வாற அந்தச் செடியின்ர ஊர் தென்னாபிரிக்கா. றோட்டோரம், கிளறிவிட்ட மண் எண்டு வெறும் இடத்தில தானா முளைக்கிற ஒரு வருசச் செடி, இலையைக் கசக்கினா நாறும். முந்தி செரட்டோதீக்கா டிரைலோபா எண்டு விஞ்ஞானப் பேர் வச்சிருந்தவை, இப்ப எள்ளின்ர செசாமம் எண்ட பேரினத்துக்குள்ளயே கொண்டுவந்து சேர்த்திட்டினம்.

இங்கிலாந்துப் பக்கம் வளர்ற அசல் ஃபொக்ஸ்குளோவின்ர பூவும் இதே மாதிரித் தான், ஆனா அது இதுக்குக் கிட்டின சொந்தமில்லை, வேற குடும்பம். அது இதய வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற செடி, அளவு மிஞ்சினா நஞ்சு. 1785இல வில்லியம் விதரிங் எண்ட டொக்டர் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினவர். இதயத் தசைச் செல்லுக்க இருந்து சோடியத்தை வெளிய தள்ளுற ஒரு பம்ப் இருக்கு, ஃபொக்ஸ்குளோவ் நஞ்சு அந்த பம்பை மறிக்குது, உள்ள சோடியம் கூடிப்போக, கல்சியமும் வெளிய போகாமத் தேங்க, தசை இறுக்கமாச் சுருங்குது. அளவு கொஞ்சம் கூடினா துடிப்பே குழம்பிப் போகும். எங்கட வேலியில நிக்கிற மஞ்சள் அலரியும் அதே பம்பில தான் கை வைக்கிறது, சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்காரர் கவனம்.

கிட்டின சொந்தமில்லாத இந்த இரண்டு ஃபொக்ஸ்குளோவுக்கும் எப்பிடி ஒரே மாதிரிப் பூ வந்தது எண்டா, காரணம் தேனீயும் வண்டும் தான். கீழ் உதடு நீண்டு நிக்கும், வந்து இறங்க அது வசதி. கோடும் புள்ளியும் உள்ளுக்கு வழி காட்டும். தேன் அடியில கிடக்கிறபடியா வண்டு முழுசா உள்ள போயே ஆகவேணும், அப்ப கூரையில ஒட்டிக்கிடக்கிற மகரந்தம் அதின்ர முதுகில பூசுப்படும். அசல் ஃபொக்ஸ்குளோவ் இதில இன்னும் கெட்டிக்காரி. பூ கீழயிருந்து மேல விரியும், ஒவ்வொரு பூவும் முதல் ஆணா மகரந்தம் குடுத்திட்டு பிறகு தான் பெண்ணாகும், அதால எப்பவும் கீழ்ப்பூ பெண், மேல்பூ ஆண், தேனும் கீழ தான் கூட. தேனீ கீழ தொடங்கி மேல ஏறி, கடைசியா மகரந்தத்தை அள்ளிக்கொண்டு அடுத்த செடியின்ர கீழ்ப்பூவுக்குப் போகுது, சொந்த மகரந்தம் சொந்தப் பூவில படுறது குறையுது.

எள்ளு அவ்வளவு கஷ்டப்படாது, பெரும்பாலும் தன்ர மகரந்தத்திலயே காய்ச்சிடும். விடிய விரிஞ்ச பூ பின்னேரத்துக்குள்ள உதிர்ந்திடும். பூக்காம்பு அடியைக் கிட்டப் பாருங்கோ, இரண்டு பக்கமும் குட்டி மஞ்சள் குமிழ் இருக்கும், அது வளராமப் போன பூ, தேன் சுரக்கும், எறும்பு சுத்திக்கொண்டே நிக்கும். எள்ளு இலையைத் தண்ணிக்குள்ள கலக்கினா வழுவழுக்கிறதும் இந்தக் குடும்பத்தின்ர குணம், ஆனைநெருஞ்சி இதில எள்ளைவிட மோசம்.

வளவில என்ன வைக்கலாம்? அசல் ஃபொக்ஸ்குளோவை விடுங்கோ, குளிர் பட்டாத் தான் பூக்கும், வன்னி வெயிலுக்குச் சரிவராது. தென்னாபிரிக்காக்காரி இங்க நல்லா வரும், அது தான் எனக்குப் பயம், விதை கொட்டிக் கொட்டி தானா முளைக்கிற சாதி, அவுஸ்திரேலியாவின்ர குயின்ஸ்லாந்தில காட்டுக்களையா நிக்குது. அதோட வெளிநாட்டு விதையை சூட்கேஸுக்க வச்சுக் கொண்டுவரேலாது, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பெர்மிட் வேணும்.

அதால என்ர சொல், பூப்பாத்தியின்ர பின்வரிசையில எள்ளு போடுங்கோ. பங்குனி, சித்திரையில, முழு வெயில் படுற, தண்ணி நிக்காத இடத்தில. எள்ளுக்கு வெள்ளம் ஆகாது, வேர் அழுகிடும். விதையை மேலாகத் தூவி மண்ணை லேசாக் கிளறினாக் காணும், நெருக்கமா முளைச்சா பிடுங்கி ஐதாக்குங்கோ, இல்லாட்டி கிளையே வராது. மூண்டு மாசத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். அடிக்காய் மஞ்சளாகி வெடிக்கப் பாக்கேக்கயே வெட்டி, கட்டி, வெயில்ல நிமித்தி வையுங்கோ, காஞ்சாப் பிறகு சாக்கில தலைகீழாப் பிடிச்சுத் தட்டினா விதை கொட்டும்.