கார்பைடு பிளேடு மழுங்கிடுச்சா? வீட்லயே தீட்டலாமா, சாணை மிஷினுக்கு அனுப்பணுமா

கை ரம்பம் மழுங்குனா ஆசாரி முக்கோண அரத்தை எடுத்து பல்லுக்கு ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வேலையை பாக்க போயிடுவாரு. அதே அரத்தை டிசிடி பிளேடோட (எஃகு வட்டத்தகடுல டங்ஸ்டன் கார்பைடு பல்லு ஒட்டுன மிஷின் ரம்பம்) பல்லுல வச்சு தேய்ச்சா, தேயப்போறது அரம்தான். அரம் செய்யுற எஃகு விக்கர்ஸ் அளவுல சுமார் 800 கடினம்னா, பல்லு நுனியில இருக்குற கார்பைடு 1300ல இருந்து 1800 வரைக்கும் போகும். சாதாரண சாம்பல் கலர் சாணைக்கல்லும் பேருக்குத்தான் தேய்க்கும், சூடுதான் ஏறும். ஒழுங்கா வேலை செய்யுறது வைரத்தூள் பதிச்ச கல்லுதான். இதுல ஒரு தமாஷ் இருக்கு. 1923ல பெர்லின்ல ஓஸ்ராம் கம்பெனியில கார்ல் ஷ்ரோட்டர் இந்த கார்பைடை உருவாக்குனதே வைரத்துக்கு மாத்தா ஏதாவது வேணும்னுதான். பல்புக்குள்ள போற டங்ஸ்டன் கம்பியை இழுக்குற வைர அச்சு அவ்ளோ விலை. அப்புறம் க்ரூப் கம்பெனி அதை ‘விடியா’ங்கிற பேர்ல வித்துச்சு, பழைய லேத் ஆளுங்க இன்னைக்கும் விடியா டிப்புன்னுதான் சொல்வாங்க.

பல்லு எப்படி மழுங்குதுன்னு புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம். கார்பைடுங்கிறது ஒரே உலோகத்துண்டு கிடையாது, மைக்ரான் அளவுல இருக்குற டங்ஸ்டன் கார்பைடு துகள்களை கோபால்ட் பிடிச்சு வச்சிருக்கு, அவ்ளோதான். மரத்துல இருக்குற அமிலம், டானின், பசையோட சூடு இதெல்லாம் முதல்ல கோபால்ட்டைத்தான் அரிக்கும், பிடிமானம் போனதும் துகள் ஒவ்வொண்ணா உதிரும். எஃகு மாதிரி நுனி மடங்குறது இங்க கிடையாது, உதிர்ந்து உதிர்ந்து உருண்டையாகுறதுதான். தேக்குல சிலிக்கா இருக்கு, கிட்டத்தட்ட நுண்ணிய மணல், அதனால தேக்கு நிறைய அறுக்குற பிளேடு சீக்கிரம் போயிடும். பிளைவுட்ல பசை, பார்ட்டிகிள் போர்டுல பசையோட தூசி மண்ணும் சேர்ந்து வரும்.

ஆனா மழுங்கிடுச்சுன்னு கழட்டுற பிளேடுல நிறைய நிஜமா மழுங்கியே இருக்காது, பல்லோட பக்கவாட்டுல பிசின் சுட்டு ஒட்டியிருக்கும், அவ்ளோதான். பிசின் ஏறுனா பல்லுக்கும் மரத்துக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி அடைஞ்சு உரசும், உரசுனா மரம் கருகும், நாம பிளேடை திட்டுவோம். முதல்ல வாஷிங் சோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் ஊறப்போட்டு பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சு, உடனே துடைச்சு காயவைங்க (ஓவன் கிளீனர் மாதிரி கடுமையான காரம் வேணாம்). அப்புறம் லைட்டுக்கு கீழ ஒரு பல்லை திருப்பி திருப்பி பாருங்க. கூர்மையான நுனிக்கு அகலமே இல்லாததால வெளிச்சத்தை திருப்பி அடிக்காது, கண்ணுக்கு தெரியாது. மழுங்குன நுனியில மெல்லிசா ஒரு வெள்ளைக்கோடு மினுங்கும். அந்தக் கோடு தெரிஞ்சாத்தான் தீட்டுற பேச்சே.

வீட்ல செய்யுறதுன்னா பிளேடை மிஷின்ல இருந்து கழட்டிட்டு, 600 கிரிட் (சொரசொரப்பு அளவு) வைரத்தகடு ஒண்ணு, மார்க்கர் பேனா ஒண்ணு, ரெண்டு சொட்டு தண்ணி. ஒவ்வொரு பல்லோட முகத்துலயும், அதாவது சுத்துறப்ப முன்னாடி பாத்துட்டு போற தட்டையான பக்கத்துல, மார்க்கரை பூசிக்கோங்க. தகடை அந்த முகத்துல படிய வச்சு நாலஞ்சு தடவை தள்ளுனா மை எங்க போகுதுன்னு தெரியும். மொத்த முகத்துலயும் சமமா அழிஞ்சா கோணம் சரி, நுனியில மட்டும் அழிஞ்சா தகடை சாய்ச்சுட்டீங்கன்னு அர்த்தம், பல்லோட கோணமே மாறிடும். எல்லா பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே அழுத்தம். பக்கவாட்டை மட்டும் தொடவே கூடாது, தொட்டா பல்லோட அகலம் குறைஞ்சு பிளேடு தகடே மரத்துல உரச ஆரம்பிச்சுடும். தண்ணி சொட்டுறது தூசி பறக்காம இருக்க. கோபால்ட் கலந்த கார்பைடு தூள் நுரையீரலுக்கு ரொம்ப கெட்டது, 2006ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐஏஆர்சி இதை புற்றுநோய் வரவைக்க வாய்ப்புள்ள பட்டியல்ல சேர்த்திருக்கு. கிரைண்டர்ல உலர்ந்த கல்லை வச்சு தீப்பொறி பறக்க தேய்க்கிற வேலையெல்லாம் வீட்ல வேணவே வேணாம்.

இவ்ளோ கவனமா செஞ்சாலும் கையால ரெண்டு விஷயம் வராது.

ஒண்ணு, எல்லா பல்லும் ஒரே உயரம். 10 இஞ்ச் பிளேடு, 40 பல்லு, நிமிஷத்துக்கு 4500 சுத்துன்னு வச்சுக்கோங்க. பல்லு நுனி போற வேகம் மணிக்கு 215 கிலோமீட்டர், ஒரு செகண்டுக்கு 3000 பல்லு மரத்துல இறங்குது. நீங்க மரத்தை நிமிஷத்துக்கு 3 மீட்டர் வேகத்துல தள்ளுனா ஒரு பல்லுக்கு கிடைக்கிற பங்கு 0.017 மில்லிமீட்டர்தான், தலைமுடியோட தடிமனே அதைவிட பல மடங்கு. இப்ப ஒரு பல்லு மட்டும் 0.05 மில்லிமீட்டர் தூக்கலா இருந்தா, பின்னாடி வர்ற மூணு பல்லோட வேலையையும் அதுவே இழுத்துப் போட்டுக்கும், அந்த மூணும் காத்தை அறுத்துட்டு போகும். தூக்கலான பல்லு சீக்கிரம் தேயும், மரத்துல கோடு கோடா விழும். பிளேடு கூர்மையாத்தான் இருக்கும், வெட்டு மட்டும் அசிங்கமா வரும்.

இன்னொண்ணு பல்லோட மேல்பக்கம். தேய்மானம் அதிகமா விழுறது அங்கதான், வீட்ல நாம தீட்டுறதோ முகத்தை. மேல்பக்கம் பின்னாடி 15 டிகிரி சரிஞ்சிருக்குன்னு வைங்க, அதுல 0.4 மில்லிமீட்டர் அகலத்துக்கு தேய்ஞ்ச பட்டை விழுந்திருந்தா, முகத்துல மட்டும் தீட்டி அதை போக்க முழுசா 0.4 எடுக்கணும், மேல்பக்கத்துல எடுத்தா வெறும் 0.1 போதும். கையால 0.4 மில்லிமீட்டர் கார்பைடு எடுக்குறதுங்கிறது ஒரு பல்லுக்கே பொறுமை போயிடும், 40 பல்லுக்கு கேக்கவே வேணாம். மேல்பக்கத்துல பல்லுக்கு பல்லு இடம் வலமா மாறி மாறி சரிவு வேற இருக்கும், அதை கைக்கணக்குல பிடிக்க முடியாது.

சாணை மிஷின் வச்சிருக்குறவங்ககிட்ட நாம காசு கொடுக்குறது இந்த ரெண்டுக்குத்தான். ஜெர்மனி வோல்மர் மாதிரி கம்பெனியோட சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற) மிஷின் பல்லை ஒவ்வொண்ணா நகர்த்தி, கூலன்ட் ஊத்திக்கிட்டே வைரச்சக்கரத்தால முகம், மேல்பக்கம் ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கும். நல்ல இடம்னா தகடு நெளிஞ்சிருக்கான்னு பாத்து தட்டி நேராக்குவாங்க, உடைஞ்ச பல்லை எடுத்துட்டு புதுசா வெள்ளி கலந்த பத்தாசு வச்சு ஒட்டியும் குடுப்பாங்க. அதுக்காக எல்லா கடையும் அப்படின்னு நம்பிடாதீங்க, கையால சக்கரத்துல காட்டி எடுக்குற இடமும் இருக்கு. திரும்பி வந்த பிளேடுல எல்லா பல்லோட மேல்பக்கமும் ஒரே மாதிரி தேய்ச்ச தடம் இருக்கான்னு லென்ஸ் வச்சு பாருங்க, ரெண்டு மூணு பல்லுல பழைய பழுப்பு அப்படியே இருந்தா கல்லு அதுமேல படவே இல்லை.

என் கணக்கு இதுதான். கட்டர் மிஷினுக்கு வாங்குற சின்ன 4 இஞ்ச் பிளேடுன்னா சாணைக்கூலியும் புது பிளேடு விலையும் பக்கத்துல பக்கத்துல வந்துடும், தீட்டி பழகுறதுக்கு அதை வச்சுக்கலாம். 10 இஞ்ச் நல்ல பிளேடுன்னா, வெள்ளைக்கோடு லேசா தெரியுறப்பவே வீட்ல ஒரு தடவை, மிஞ்சுனா ரெண்டு தடவை முகத்தை மட்டும் தீட்டிட்டு அடுத்தது மிஷினுக்கு அனுப்பிடுங்க. ரொம்ப மழுங்கவிட்டு அனுப்புனா அவங்களும் நிறைய எடுத்தாகணும், பிளேடோட ஆயுசுல அது கழியும். ஒவ்வொரு தடவையும் கார்பைடு மெலிஞ்சுக்கிட்டே வரும், தடிமன் 1 மில்லிமீட்டருக்கு கீழ போயிட்டா அப்புறம் தீட்டக்கூடாது, அந்த வேகத்துல பல்லு தெறிச்சா எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது.