அடிபட்டால் பதிவேட்டில் எழுதுங்கள்

பணியில் சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஒரு செவிலியரை, இரவு மாத்திரை கொடுக்கப் போனபோது, நோயாளி அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தார். “மனநோயாளிதானே, பெரிதாக்காதே” என்பதே அந்தப் பெண்ணுக்கு மேலிடத்திலிருந்து கிடைத்த ஆறுதல். மனநல வார்டில் நீண்ட காலம் செவிலியராக இருக்கும் எனக்கு அந்தச் சொற்கள் புதியவை அல்ல.

மனநோயாளிகளில் பெரும்பாலோர் யார்மீதும் கை வைப்பதில்லை. கைகலப்பு நேரும்போதும், வீட்டுக்குப் போகவோ பீடி பிடிக்கவோ கேட்டவரிடம் ‘முடியாது’ என்னும் நேரத்திலும், மருந்தை மறுப்பவரை வற்புறுத்தும் நேரத்திலுமே அது பெரும்பாலும் நேர்கிறது. நிற்காமல் நடப்பது, குரல் உயர்வது, பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கிப்போவது ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றில் கடைசியாகச் சொன்னதற்கே நான் அதிகம் அஞ்சுவேன்.

ஆனால் எல்லா நடையும் சினத்தால் வருவதன்று. மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளே சிலருக்குக் கால்களில் பொறுக்க முடியாத தவிப்பை உண்டாக்கும். அதை மூர்க்கம் என்று எண்ணி அதே ஊசியை மீண்டும் போட்டால் தவிப்பு கூடவே செய்யும். குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில் நடுக்கமும் பிதற்றலுமாக எழுபவருக்கு வேண்டியது உடனடி மருத்துவ உதவி. அவரை அதட்டிப் பயனில்லை.

அறைக்குள் போனால் வாசல் உங்கள் பக்கம் இருக்கட்டும். கை எட்டாத தொலைவில் நில்லுங்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் கயிறும் வேண்டாம். அட்டையைச் சட்டைப்பையில் குத்திக்கொள்ளலாம். எத்தனை பேர் சூழ்ந்தாலும் ஒருவர் மட்டுமே, தாழ்ந்த குரலில் பேச வேண்டும். பிடிக்க வேண்டி வந்தால் குப்புறத் தள்ளி முதுகில் அழுத்தவே கூடாது, மூச்சு நின்றுவிடும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, காரணத்தையும் நேரத்தையும் எழுதிவைத்து நோயாளியைக் கட்ட அனுமதிக்கிறது. தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையை மட்டும் காட்டியோ கட்டக் கூடாது என்றும் சொல்கிறது. நோயாளிக்காக எழுதப்பட்ட அந்த வரியை நிர்வாகத்திடம் ஊழியரும் நீட்டலாம், ஏனெனில் கட்டவும் கூடாது, இரவில் முப்பது பேருக்கு ஒரே செவிலியர் என்றால் யார்தான் பாதுகாப்பாக இருக்க முடியும்? கூடுதல் ஆள் கேட்பதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும், வாய்ச்சொல் நிற்காது.

ஆகவே கீறல் சிறிதானாலும் நேரம், இடம், அதற்குச் சற்றுமுன் நடந்தது, பணியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பவற்றை அன்றே எழுதுங்கள். அது நோயாளிமீது கொடுக்கும் புகார் ஆகாது. எங்கள் வார்டில் நான்கு மாதம் அப்படி எழுதிப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட சம்பவங்கள் மாலைப் பணிமாற்றத்தின்போது, எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்கையில், வார்டுக்குள் ஒருவரும் இல்லாத அந்த இருபது நிமிடத்தில் நடந்திருந்தன. இப்போது அந்த நேரத்தில் இருவர் உள்ளேயே இருக்கிறார்கள்.