சிகாகோவா, சான் ஹோசேவா? ஒரு பிசியோ போடும் கணக்கு

2025 ஆடியில் எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு அமெரிக்காவில் இருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சித்தப்பா மகனுக்கு சான் ஹோசேயில் வேலை, மனைவியின் தம்பிக்கு சிகாகோவில். சாமக்கொடை வரைக்கும் கண் விழிக்க வேண்டுமே என்று திண்ணையில் உட்கார்ந்தவர்கள் பேசியது முழுக்க ஐஸ் ஹாக்கி. சான் ஹோசே ஷார்க்ஸ் முதலில் மேலே வருமா, சிகாகோ பிளாக்ஹாக்ஸ் முதலில் மேலே வருமா என்று அப்படி ஒரு சண்டை. கடைசியில் மைத்துனர் என்னிடம் திரும்பினார். "அத்தான், நீங்கதான் ஹாக்கிப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பாக்கியளே, நீங்க சொல்லுங்க."

நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்ப்பவன். என்னிடம் வருவது கோவில்பட்டிப் பக்கத்துத் தரை ஹாக்கிப் பிள்ளைகள். 1986 வரை கோவில்பட்டியும் நம் திருநெல்வேலி மாவட்டம்தான், அதனால் அவர்களை வெளியூர்க்காரர்கள் என்று நான் எண்ணுவதே இல்லை. ஐஸ் ஹாக்கியை போனில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் ஆறு பேர், பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு, முட்டி மோதுவதற்கு விதியிலேயே இடம் உண்டு. அன்றைக்கு மழுப்பிவிட்டேன். அப்புறம் ஒரு வாரம் இரண்டு அணிகளின் கதையையும் தோண்டிப் பார்த்தபோது, என் கிளினிக்கில் தினமும் நடக்கும் வழக்குதான் அங்கேயும் நடக்கிறது என்று பட்டது.

நம் ஊர் வாசகருக்கு ஒரு விளக்கம் வேண்டும். ஹாக்கி இந்தியா லீக்கில் ஆட்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். பணம் இருந்தால் போன வருஷம் தோற்ற அணிகூட நல்ல ஆளை வாங்கலாம். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வேறு மாதிரி. 32 அணிகள், 2025-26 வரை ஓர் அணிக்கு வருஷத்துக்கு 82 ஆட்டம். சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 18 வயது நிரம்பும் புதுப் பையன்களை அணிகள் வரிசைப்படி எடுக்க வேண்டும், அதில் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை. கடைசியில் இருந்தாலும் முதல் ஆள் கிடைப்பது நிச்சயமில்லை. குலுக்கலில் அதற்கு நூற்றுக்கு இருபத்தைந்தரை வாய்ப்புதான். ஆக, பெயர் பெற்ற மூத்தவர்களை வேறு அணிகளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, சில வருஷம் தோற்று, இளசுகளைச் சேர்த்து அணியைப் புதிதாகக் கட்டுவது அங்கே ஒரு வழிமுறையாகவே இருக்கிறது.

சிகாகோ 2010, 2013, 2015 என்று மூன்று முறை லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி. 2022இல் டிப்ரின்காட் என்ற ஆட்டக்காரரை மாற்றிக் கொடுத்தார்கள், 2023 பிப்ரவரியில் பாட்ரிக் கேனையும் அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷமே குலுக்கலில் அதிர்ஷ்டம் அடித்து கானர் பெடார்டு கிடைத்தான். சான் ஹோசே கோப்பையே வெல்லாத அணி. 2016இல் இறுதி ஆட்டம் வரை போய்ப் பிட்ஸ்பர்க்கிடம் தோற்றது. 2023இல் மையர், கார்ல்சன், 2024இல் ஹெர்ட்டல் என்று வரிசையாக மாற்றிக் கொடுத்தது. 2024இல் மேக்லின் செலப்ரீனியை முதல் ஆளாக எடுத்தது. 2024-25 முடிவில் சிகாகோவுக்கு 61 புள்ளி, சான் ஹோசேக்கு 52. லீக்கின் கடைசி இரண்டு இடமும் இவர்களுக்குத்தான். இதற்குத்தான் விடிய விடியச் சண்டை!

புள்ளிப் பட்டியலில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பையன்களின் உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்த்தேன்.

பெடார்டு 18 வயதில் இறங்கினான். துணைக்கு என்று கொண்டுவந்த மூத்த ஆட்டக்காரர் டெய்லர் ஹாலுக்கு நவம்பரிலேயே முழங்கால் போய்விட்டது. எல்லாப் பாரமும் பையன் மேல். 2024 ஜனவரியில் ஒரு மோதலில் தாடை எலும்பு உடைந்தது, ஆறு வாரத்தில் திரும்பி வந்தான். அப்படியும் 68 ஆட்டத்தில் 61 புள்ளி (ஆட்டக்காரனுக்குப் புள்ளி என்றால் அவன் போட்ட கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு) எடுத்துச் சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினான். மறு வருஷம் 82 ஆட்டமும் ஆடி 67 புள்ளி. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எதிர்பார்த்த துள்ளலும் இல்லை. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் அறுந்து அறுந்து நின்றதே, அதுதான் நினைவுக்கு வந்தது. இழுக்க ஆயிரம் கை இருந்தும் வடம் தாங்கவில்லை. பாவம் பெடார்டு, ஒற்றை வடம்.

அதே அணியில் கோர்ச்சின்ஸ்கி என்று ஒரு தடுப்பாட்டக்காரன். 19 வயதில் தோற்கிற அணிக்கு 76 ஆட்டம் ஆடினான். அடுத்த வருஷம் பெரும்பாலும் கீழ்நிலை லீக்கில்தான் இருந்தான். ஆட்களைத் தேர்வு செய்ததில் கோளாறு இல்லை. அவசரத்தில்தான் கோளாறு என்பது என் எண்ணம். அடுத்து வந்த லெவ்ஷுனோவ் விஷயத்தில் திருந்தியிருக்கிறார்கள். பாத எலும்பு உடைந்து வந்தவனை முதலில் கீழ்நிலை லீக்கில் ஆடவைத்து, 2025 மார்ச்சில்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

சான் ஹோசே பக்கம் வந்தால், செலப்ரீனி முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டான். இடுப்பில் காயமும் வாங்கிக்கொண்டான். பன்னிரண்டு ஆட்டம் உட்காரவைத்துவிட்டார்கள். திரும்பி வந்து, அந்த வருஷம் மொத்தம் 70 ஆட்டத்தில் 63 புள்ளி. அவன் அப்பாவே ஒரு பிசியோதெரபிஸ்ட், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணியில் வீரர்களின் உடல்நலப் பொறுப்பில் இருப்பவர். (எங்கள் தொழில்காரர் வீட்டுப் பிள்ளை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.) அதே வருஷம் வில் ஸ்மித் என்ற 19 வயதுப் பையனைக் காயம் எதுவும் இல்லாமலேயே சில ஆட்டங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். அந்த நாட்களில் அவனுக்கு எடைப் பயிற்சி. அதை முன்கூட்டியே வெளியில் சொல்லியும்விட்டார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் வருஷம் செலப்ரீனி தங்கியது பழைய ஷார்க்ஸ் நட்சத்திரம் ஜோ தார்ன்டன் வீட்டில், ஸ்மித் தங்கியது பாட்ரிக் மார்லோ வீட்டில். சோறு, தூக்கம், தோற்ற இரவில் பேச்சுத்துணைக்கு ஒரு மூத்த ஆள். இதையெல்லாம் எந்தப் புள்ளிப் பட்டியலிலும் போடமாட்டார்கள்.

அதனால் என் ஓட்டு சான் ஹோசேக்கு. முழு மனதோடு அல்ல. தடுப்பாட்டத்தில் சிகாகோவிடம்தான் சரக்கு அதிகம். லெவ்ஷுனோவ் போக, ரின்செல், விளாசிக் எல்லாம் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள், ஸ்பென்சர் நைட் என்ற நல்ல கோல்கீப்பரும் 2025 மார்ச்சில் வந்து சேர்ந்தார். சான் ஹோசேயில் முன்களத்துக்கு மிசா என்ற புதுப் பையன் வேறு வந்துவிட்டான், பின்களத்தில் டிக்கின்சனை விட்டால் சொல்லிக்கொள்ள ஆள் குறைவு. கோல்கீப்பர் அஸ்கரோவ் இன்னும் நிரூபிக்க வேண்டியவர். மைத்துனர் ஜெயித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்?

கொடை முடிந்து இரண்டு வாரத்தில் ஓர் அப்பா தன் 14 வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் பள்ளி அணியில் ஆடுகிறான், கிளப்பில் ஆடுகிறான், மாவட்டத் தேர்வுக்கும் தயாராகிறான். மூன்று இடத்திலும் பெனால்டி கார்னருக்கு இழுத்து அடிப்பவன் அவன்தான். "ஒரு மாசமா இடுப்பு வலிக்குதுன்னு சொல்லுதான் சார். தைலம் தேச்சு விட்டோம், கேக்கல." ஒற்றைக் காலில் நிறுத்தி மெதுவாகப் பின்னால் வளையச் சொன்னேன். இடது கீழ்முதுகைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தான். எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன், எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்பின் பின்வளையத்தில் மெல்லிய விரிசல். தரை ஹாக்கி முழுக்கக் குனிந்தே ஆடுகிற ஆட்டம், இழுத்து அடிப்பதில் முதுகு குனிந்து திருகவும் செய்கிறது. வளர்கிற எலும்பு அதை ஓரளவுக்குத்தான் தாங்கும்.

மூன்று மாதம் ஆட்டம் கிடையாது என்றதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். மாரீஸ்வரன், கார்த்தி பெயரைச் சொன்னார். கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் வளர்ந்து 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் ஆடியவர்கள். அந்தக் கனவு நியாயமானதுதான். அவசரம்தான் நியாயமில்லை. கோடிக்கணக்கில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பையனையே காயமில்லாமல் உட்காரவைத்த கதையை அவரிடம் சொன்னேன். "அது பணக்கார டீமு சார்" என்றார். ஓய்வுக்கு என்ன பணம் வேண்டியிருக்கிறது?

எங்கள் துறையில் ஓர் எளிய கணக்கு உண்டு. பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சியும் போட்டியும் சேர்ந்து போகக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது மட்டையைத் தொடவே கூடாது. இந்தப் பையனுக்குக் கூட்டிப் பார்த்தோம், 22 மணி நேரம் வந்தது. பள்ளி பி.டி. சாருக்குக் கிளப் கணக்கு தெரியாது, கிளப்காரருக்குப் பள்ளிக் கணக்கு தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வீட்டை விட்டால் ஆள் இல்லை. முதுகு வலியோ, முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலியோ இரண்டு வாரத்தைத் தாண்டினால் தைலத்தை வைத்துவிட்டுக் காட்ட வந்துவிடுங்கள். பின்னால் வளையும்போது வலித்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பையன் இப்போது செவ்வாயும் வெள்ளியும் வருகிறான். வயிற்றுத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பயிற்சி, மட்டை கிடையாது. வீட்டுச் சுவர்க் காலண்டரில் பயிற்சி மணியை எழுதிவைக்கும் வேலையை அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். போன வாரம் வந்தபோது காலண்டர் தாளையே கிழித்துக் கொண்டுவந்து காட்டினார். சண்டே கட்டத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டிருந்தார்.