அல்லித் தொட்டியில் சேரும் உப்பு

"தம்பி, அல்லிக்கு என்னமோ நோய் வந்திருச்சு, மருந்து சொல்லுங்க" என்று பாம்பனிலிருந்து ஒரு அக்கா செல்போனில் படம் அனுப்பினார். இலையோரம் கருகியிருந்தது. புது இலைகள் சிறுத்திருந்தன. மொட்டுகள் தண்ணீருக்குள்ளேயே கறுத்துவிட்டன. நர்சரி நடத்தும் எனக்கு மண்டபம், தங்கச்சிமடம் பக்கமிருந்து கோடையில் இப்படிப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் நோய் இல்லை, உப்பு.

"முதல் மாசம் பூத்துச்சே, அதே தண்ணிதானே ஊத்துறேன்?" என்றார். வெயிலும் கடல்காற்றும் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 50 லிட்டர் தொட்டியில், லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரை நிரப்பினால் உள்ளே 75 கிராம் உப்பு. தினமும் வற்றுகிற 2 லிட்டருக்கு அதே தண்ணீரை ஊற்றினால் நாளுக்கு 3 கிராம் கூடும். 25 நாளில் உப்பு இரட்டிப்பாகிவிடும். வாடுகிறதே என்று உரம் போடுவார்கள். கரைந்தால் உரமும் உப்புதான்! ஆர்.ஓ. இயந்திரம் கழிவாக வெளியேற்றும் தண்ணீரைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அது போர் தண்ணீரைவிட மோசம்.

அந்த அக்காவிடம் பாதித் தண்ணீரை இறைத்துத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, சேமித்த மழைத்தண்ணீரை நிரப்பச் சொன்னேன். உப்பு ஏறக்குறைய பாதியாகும். சும்மா மேலே ஊற்றி நிரப்பினால் குறையாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் விலை குறைவுதான், ஒன்று வாங்கி மாதம் இருமுறை பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியை மூடாமல் வழியவிடுங்கள், நன்றாகக் கழுவிக் கொடுக்கும்.

நடுவதற்குக் கண்மாய் வண்டல் போதும், மட்கிய எருவெல்லாம் வேண்டாம். குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்கு மேல் ஒரு சாண் தண்ணீர், ஐந்தாறு மணி நேர வெயில். கொசு வராமலிருக்க நாலு கப்பி மீன் விடலாம். ஆனால் அந்த மீன்களைக் கண்மாயில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், அங்குள்ள மீன்களுக்குக் கேடு.

சரி, சித்திரையில் குடிக்கவே குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் அல்லிக்கு எங்கே நல்ல தண்ணீர்? அப்போது வளர்த்தே தீர வேண்டியதில்லை. கண்மாய் வற்றும்போது அல்லி சேற்றுக்குள் கிழங்காகக் கிடந்து, மழைக்குத் துளிர்க்கிறதல்லவா? தொட்டியிலும் கிழங்கு திரண்டிருந்தால் எடுத்துக் கழுவி, ஈர மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். மழை தொடங்கியதும் மறுபடி நட்டுக்கொள்ளலாம்.