திறைசேரி உண்டியலும் வெள்ளவத்தைச் சீட்டும்

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “2022இல் திறைசேரி உண்டியலுக்கு 30 சதவீதம் வட்டி கிடைத்தது. இப்போது எட்டுக்கே இழுபறி. தேர்தலைப் பார்ப்பதா, விலைவாசியைப் பார்ப்பதா, நான் படிப்பித்த பள்ளியில் தரம் ஒன்றுக்குப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதைப் பார்ப்பதா? எதைப் பார்த்துக் காசைப் போடுவது?”

திறைசேரி உண்டியல் என்பது ஒரு வருடத்துக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி அரசாங்கம் வாங்கும் கடனின் பத்திரம். ஆசிரியை மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். சந்தைக்குள் மூன்றும் ஒரே வாசலால்தான் நுழைகின்றன. அதற்குப் பெயர் கழிவு. சீட்டுக் கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

காலி வீதிக்கு அருகே எங்கள் தொடர்மாடியில் அம்மா சீட்டு நடத்தினார். 20 பேர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய். மாதாமாதம் 2 இலட்சம் சேரும். முதல் ஞாயிறு எல்லோரும் வந்து குந்தியதும் தேநீர் வரும், பிறகு கழிவு கூறுவார்கள், அதாவது காசை இப்போதே எடுக்க எவ்வளவு விட்டுக்கொடுப்பேன் என்று ஏலம் கேட்பார்கள். “இருபது” என்பார் ஒருவர். “முப்பது” என்பார் அவசரக்காரர். நாற்பதாயிரம் கழிவு என்று முடிந்தால் அவர் கையில் 1 இலட்சத்து 60 ஆயிரம். கழிந்த காசு மற்றவர்களுக்குப் பகிரப்படும். ஆரம்ப மாதங்களில் கழிவு பெரிதாக இருக்கும். மாதங்கள் போகப்போகச் சுருங்கும். கடைசியாக எடுப்பவர் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு போவார். காத்திருக்க வேண்டிய காலமும் மனிதரின் அவசரமும் சேர்ந்து கழிவைத் தீர்மானிக்கின்றன.

மத்திய வங்கி புதன்கிழமைகளில் நடத்தும் உண்டியல் ஏலமும் இதுதான். ஒரு வருடம் கழித்து 100 ரூபாய் தருகிறேன் என்கிறது அரசாங்கம். இன்றைக்கு அந்த வாக்குறுதிக்கு நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள்? வட்டி 8 சதவீதமென்றால் 92 ரூபாய் 59 சதம். 30 சதவீதமென்றால் 76 ரூபாய் 92 சதம். வட்டி ஏறினால் விலை இறங்கும்; நூறுக்குக் குறையும் அந்தத் தொகைதான் இங்கே கழிவு.

இதே 100 ரூபாய், பத்து வருடம் கழித்துத்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 சதவீதத்தில் அதன் இன்றைய பெறுமதி 46 ரூபாய் 32 சதம். 30 சதவீதத்தில்? ஏழேகால் ரூபாய்! முதன்முதலாகக் கணிப்பொறியில் இதைத் தட்டியபோது பிழையாக அழுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். 1.3ஐ பத்துத் தடவை பெருக்கினால் 13.8 வருகிறது, நூறை அதனால் வகுத்தால் அவ்வளவுதான். வட்டி 8இலிருந்து 30க்குத் தாவினால் ஒரு வருட வாக்குறுதி ஆறில் ஒரு பங்கை இழக்கிறது; அதே அதிர்ச்சியில் பத்து வருட வாக்குறுதி ஆறில் ஐந்து பங்கை இழக்கிறது. அரசாங்கமும் தொகையும் மாறவில்லை, தூரம் மட்டுமே மாறியது. நீண்ட கயிற்றின் நுனிதான் அதிகம் ஆடும். பங்கு விலையும் வீட்டு விலையும் இப்படித் தூரத்து வருமானங்களின் கூட்டுத்தான் என்பதால் அவையும் இதே கயிற்றில் ஆடுகின்றன.

இனி அரசியல். 2022 ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி கொள்கை வட்டிவீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்துதல் நிறுத்தப்படுவதாக அறிவித்தது அரசாங்கம். இடைப்பட்ட 9ஆம் தேதி காலிமுகத்திடலில் அரசாங்கத்துக்கு எதிராகக் கூட்டம் திரண்டது. ஒரே வாரம்! அரசியல் அவசரத்தைக் கூட்டும், கழிவு துள்ளும். சில வேளை அது வாக்குறுதியையே மாற்றி எழுதும். 2023இல் ஊழியர் சேமலாப நிதியின் பழைய முறிகளை, அதாவது அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களை, வாங்கிக்கொண்டு, முதலில் 12, பின்னர் 9 சதவீதம் என்று நீண்டகாலப் புதிய முறிகளைக் கொடுத்தார்கள். திறைசேரி உண்டியல் வைத்திருந்த பொதுமக்களைத் தொடவில்லை. அதே அரசாங்கத்தின் கடதாசிதான்; தூரத்துக் கடதாசி வைத்திருந்த சேமலாப நிதிக்கு வெட்டு விழுந்தது.

விலைவாசி விடயத்தில் ஆசிரியை ஒன்றைக் கவனிக்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதன் முன்னே 30 சதவீத வட்டி பெரும் நட்டம் என்று பலர் சிரித்தார்கள். ஆனால் 69.8 என்பது கடந்துபோன பன்னிரண்டு மாதங்களின் கணக்கு. காசைப் போடுபவருக்கு வேண்டியது வரப்போகும் பன்னிரண்டு மாதங்கள். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். அன்று வாங்கியவர் 30க்கு எதிராக 1.3ஐ மட்டுமே இழந்தார். இதை முன்கூட்டியே அறிந்திருந்தேன் என்று இப்போது சொல்பவர்களிடமிருந்து சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

மக்கள்தொகைக்கு இந்தத் துள்ளல் கிடையாது. 2019இல் இலங்கையில் ஏறத்தாழ 3 இலட்சத்து 19 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. 2023இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 48 ஆயிரம். முதலாவது கூட்டம் 2025இல் தரம் ஒன்றுக்குப் போனது. இரண்டாவது 2029இல் போகும். வகுப்பறையில் ஐந்தில் ஒரு கதிரைக்கும் மேல் காலியாகப் போகிறது என்பது இன்றே எழுதப்பட்டுவிட்டது. கொப்பி, சீருடை, பள்ளி வான் விற்பவருக்கு அது ஒரு செய்தி, மருந்துக்கடைக்காரருக்கு வேறொன்று. 65 வயதைத் தாண்டியோர் 2012இல் நூற்றுக்கு எட்டுப் பேரளவில் இருந்தார்கள், 2024இல் பன்னிரண்டைத் தாண்டிவிட்டார்கள். உழைப்பவர் எட்டு, முதலாளி பன்னிரண்டு சதவீதமாகச் சேமலாப நிதிக்குக் கட்டும் காசுதான் அரசாங்க முறிகளைப் பெருமளவில் வாங்குகிறது. கட்டுபவர் குறைந்து எடுப்பவர் கூடினால் முறிக்கு ஆள் தேடவேண்டி வரும், கழிவு ஏறும். அப்படியா என்றால், மூப்படைந்த ஜப்பானில் வட்டி பல்லாண்டு பூச்சியத்தை ஒட்டிக் கிடந்தது. மூத்த நாட்டில் புதுத் தொழிற்சாலைக்குக் கடன் கேட்பவரும் குறைவு. எந்தப் பக்கம் கனக்கும் என்று பொருளியலாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். சேமிப்பு மெல்லிய நம் நாட்டில் கழிவு ஏறும் பக்கமே வெல்லும் என்பது என் எண்ணம்.

இவ்வளவும் தெரிவது எண்ணியதால்தான். 1981க்குப் பிறகு வடக்கும் கிழக்கும் முழுமையாக எண்ணப்பட 2012 வரை, 31 வருடங்கள் காத்திருந்தோம். அடுத்த கணக்கெடுப்பு 2021இலிருந்து 2024க்குத் தள்ளிப்போனது. ஆய்வுக்கு நாம் ஒதுக்குவது தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். சித்திரைப் புத்தாண்டில் சுபநேரம் பார்த்து வங்கியில் கைவிசேடம் வைப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, அது அழகான வழக்கம். சனிப்பெயர்ச்சியைப் பார்த்து ஐந்து வருட முறி வாங்குவதில்தான் இருக்கிறது.

ஆசிரியைக்கு என் பதில்: ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் காசென்றால் தரம் ஒன்றை மறந்துவிடுங்கள், விலைவாசியையும் அரசியலையும் பாருங்கள். பேரப்பிள்ளைக்கென்று பத்துப் பதினைந்து வருடம் பூட்டி வைப்பதென்றால் உங்கள் பள்ளி வாசலைவிட நல்ல சுட்டெண் இல்லை.

அம்மாவின் கடைசிச் சீட்டு 2022 பெப்ரவரியில் தொடங்கியது. முதல் மாதமே மேல்மாடி அண்ணா 45,000 கழித்து எடுத்தார். “இவ்வளவு கழிவா!” என்று எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். அவர் செட்டியார் தெருவுக்குப் போய் நகை வாங்கினார். அடுத்த மாதமே ரூபாய் சரியத் தொடங்கியது, தங்கம் ஏறியது. மே மாதச் சீட்டில் மாமி ஒருவர் அவரிடம் மெல்லக் கேட்டார்: “தம்பி, உங்களுக்குச் சாத்திரம் தெரியுமோ?”

“இல்லை மாமி,” என்றார் அவர். “மகளுக்குக் கலியாணம்.”