பட்டினி ஏன் பதற்றத்தை அடக்குகிறது?

உணவுக் கோளாறு என்றதும் அழகு மோகம், உடல் எடைக் கவலை என்று பலரும் முடிவுகட்டி விடுகிறார்கள். நோய் எப்படித் தொடங்குகிறது என்பதை அது ஓரளவு விளக்கலாம். ஏன் விடமாட்டேன் என்கிறது என்பதை விளக்காது. அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் நோய் உள்ள பலர், சாப்பிடாமல் இருக்கும்போது மனம் அமைதியாக இருக்கிறது என்கிறார்கள். அதை வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. உடலுக்குள் அதற்கு ஒரு வேதியியல் இருக்கிறது.

மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா, மிரட்டலாகத் தோன்றும் எதையும் கண்டு முதலில் குரல் எழுப்புகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி நிலைமையை எடைபோட்டு, 'இது அவ்வளவு பெரிய விஷயமில்லை' என்று அதைத் தணிக்கிறது. இரண்டுக்கும் உடலின் செய்தியைத் தருவது மூளையின் இன்சுலா என்ற பகுதி. இதயம் படபடப்பது, வயிறு இறுகுவது, பசி, நிறைவு எல்லாம் அங்கேதான் உணர்வாக மாறுகின்றன. இது தெளிவில்லாமல் இருந்தால் வயிற்றைப் பிசைவது பசியா, பயமா, கோபமா என்றே பிடிபடாது. உணவுக் கோளாறு உள்ளவர்களிடம் இந்தக் குழப்பம் அடிக்கடி காணப்படுகிறது. பெயர் தெரியாத உணர்வை ஆற்றுப்படுத்துவதும் கடினம். உணர்வுக்குச் சொல்லால் பெயர் சூட்டும்போதே அமிக்டலாவின் செயல்பாடு குறைவதை மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இப்போது வேதியியலுக்கு வருவோம். நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்க மூளைக்கு டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் தேவை. உடலால் அதை உண்டாக்க முடியாது. உணவில் இருந்துதான் வரவேண்டும். மூளைக்குள் நுழையும் வாசலில் வேறு சில பெரிய அமினோ அமிலங்களும் அதோடு போட்டியிடுகின்றன. மாவுச்சத்து சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து, அந்தப் போட்டியாளர்களைத் தசைகளுக்குள் அனுப்பிவிடும். டிரிப்டோபேனுக்கு வழி திறக்கும். உணவைக் குறைத்தால் இதெல்லாம் தலைகீழாகிறது. மூளையில் செரட்டோனின் உற்பத்தி சரிகிறது.

செரட்டோனின் என்றால் மகிழ்ச்சி என்று எழுதிப் பழகிவிட்டோம். அது அரைகுறை உண்மை. வால்டர் கே என்ற மனநல ஆய்வாளரின் குழு நெடுங்காலமாக முன்வைக்கும் கருத்து இது: அனோரெக்ஸியாவுக்கு ஆளாகக்கூடியவர்களிடம் செரட்டோனின் அமைப்பு இயல்பிலேயே மிகையாக இயங்குகிறது, அதன் வெளிப்பாடுதான் ஓயாத கவலையும் பிசகே கூடாது என்ற பிடிவாதமும். குணமடைந்து நெடுநாள் ஆனவர்களின் தண்டுவட நீரில் செரட்டோனின் சிதைவுப் பொருள் அதிகமாக இருந்தது. டிரிப்டோபேனைத் தற்காலிகமாகக் குறைக்கும் பானம் கொடுத்தபோது அவர்களின் பதற்றம் தணிந்தது. அதாவது பட்டினி ஒரு அமைதியூட்டும் மருந்துபோல வேலை செய்கிறது. இதே கருத்தின்படி, குறைந்த செரட்டோனினுக்கு ஏற்ப மூளை தன் ஏற்பிகளை, அதாவது செரட்டோனின் வந்து ஒட்டும் இடங்களை, கூர்மையாக்கிக் கொள்கிறது. மறுபடி சாப்பிட்டால் பதற்றம் முன்னைவிட வேகமாகப் பாய்கிறது. தட்டைத் தள்ளிவிடுவதை வீம்பு என்று வீட்டார் நினைக்கும் இடம் இதுதான்.

இது நாள்பட நாள்படப் பழக்கமாக இறுகுகிறது. 2015இல் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வில், அனோரெக்ஸியா உள்ளவர்கள் உணவைத் தேர்ந்தெடுக்கும்போது மூளையின் முதுகுப்புற ஸ்ட்ரையேட்டம் கூடுதலாகச் செயல்பட்டது. பல் துலக்குவதுபோல யோசிக்காமல் செய்யும் வேலைகளில் பங்கெடுக்கும் பகுதி அது. அதனால்தான் வாதம் செய்து மனதை மாற்றுவது அரிதாகவே பலிக்கிறது.

கட்டுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் புலிமியாவின் கதை வேறு. மனச்சுமை ஏறி ஏறி, கட்டுமீறிச் சாப்பிடுவதில் போய் முடிகிறது. ஆனால் நாள்தோறும் மனநிலையைப் பதிவுசெய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், சாப்பிட்ட பின் மனச்சுமை குறையவில்லை, கூடியே இருந்தது. வாந்தி எடுத்த பிறகுதான் இறங்கியது. அந்தச் சிறு நிவாரணமே அடுத்த சுற்றுக்கு விதை. கூடவே பொட்டாசியம் வெளியேறி, இதயத் துடிப்பின் சீர் கெடும் அபாயமும் வருகிறது.

பட்டினியே உணர்வைக் கெடுக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1944–45இல் மின்னசோட்டாவில் உடலும் மனமும் நலமாக இருந்த 36 ஆண்கள் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எரிச்சல், சோர்வு, எப்போதும் உணவைப் பற்றியே நினைப்பு, பின்னர் கட்டுப்பாடற்ற உண்ணுதல் எல்லாம் அவர்களிடம் தலைகாட்டின. தணிக்க வேண்டிய முன்மூளைக்கே எரிபொருள் இல்லாதபோது பேச்சு சிகிச்சை மட்டும் எப்படிப் பிடிக்கும்?

எனவே முதல் மருந்து உணவு. செரட்டோனினை நம்பியிருக்கும் மருந்துகள் எடை மிகக் குறைந்தவர்களிடம் பெரிதாக வேலை செய்வதில்லை. மூலப்பொருளே இல்லாததும் காரணமாக இருக்கலாம். புலிமியாவில் ஃப்ளூவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து உதவுகிறது, ஆனால் மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தொடங்கும் 20 மில்லிகிராம் அல்ல, 60. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல்-நடத்தை சிகிச்சையில் நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு மூன்று சிற்றுண்டியும் வகுக்கிறார்கள். இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசி முற்றினால் கட்டுமீறல் எளிதாகிவிடும். கடுமையாக மெலிந்தவருக்கு மட்டும் அவசரப்பட்டு ஊட்டக்கூடாது. செல்கள் திடீரென்று பாஸ்பேட் என்ற தாது உப்பை உறிஞ்சிக்கொள்ள, இரத்தத்தில் அதன் அளவு சரிந்து இதயம் தடுமாறலாம். ஆகவே மருத்துவக் கண்காணிப்பும் இரத்தப் பரிசோதனையும் கட்டாயம்.

தொடக்க வாரங்களில் கொஞ்சம் சாப்பிட்டாலும் வயிறு ஊதிப்போனதாகத் தோன்றும். பட்டினியால் இரைப்பை காலியாகும் வேகம் குறைந்திருப்பதுதான் காரணம். 'பார், சாப்பிட்டது தப்பு' என்று இன்சுலா அதைப் படித்துச் சொல்லும். ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால் சில வாரங்களில் இரைப்பை தன் வேகத்தை மீட்டுக்கொள்கிறது.